கடைசி வார்த்தைக்கு மூன்று சாட்சி

சாகப் போகிற மனிதனின் கடைசி வார்த்தைக்கு விலை, சவர்க்காரம் இரண்டு கட்டி.

"ஒண்டு தரலாம், ரீச்சர்," என்றார் ஜெபரட்ணம்.

"ஒண்டுக்கு அவர் பிறந்த திகதி சொல்லுவன்," என்றார் பியாட்றிஸ் ரீச்சர். "கடைசி வார்த்தைக்கு ரெண்டு. உடுப்புத் தோய்க்கிறது ஒண்டு, முகம் கழுவுறது ஒண்டு."

"முகம் கழுவுறதோ! அது கட்டாயமோ?"

"சவுக்காரம் இல்லாமல் பனம்பழத்தாலை தோய்ச்சுத் தோய்ச்சு, உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போனால் அந்த மணத்துக்கு மாடு பின்னாலை வருது, மாஸ்டர். செத்தவர் என்ரை கூட்டாளி. கூட்டாளியை மலிவா விக்க எனக்கு மனம் வராது."

சுன்னாகம் சந்தைக்குப் பின்வளவில் பிறந்து, ஐம்பத்தெட்டு வருடம் வெங்காயக்காரர்களின் சத்தத்தில் வளர்ந்தும் பேரம் பேசத் தெரியாத ஒரே ஆள் ஜெபரட்ணம்தான். பையைத் திறந்து இரண்டையும் வைத்தார். ரீச்சர் முகம் கழுவுகிறதை எடுத்து மோந்து பார்த்தார். கண்களை மூடிக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "பொறுங்கோ, ஞாபகப்படுத்திக்கொண்டு வாறன்," என்று உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது ஞாபகம் முழுதாக வந்திருந்தது.

"எழுதுங்கோ. 'பிள்ளைகளின் சிரிப்பே என் சம்பளம். அதை நான் முன்பணமாகவே பெற்றுவிட்டேன்.'"

ஜெபரட்ணத்துக்கு எங்கோ உள்ளுக்குள் ஒரு மணி அடித்தது. அழகைக் கண்டால் அடிக்கிற மணி என்று அதை அவர் எடுத்துக்கொண்டார். 'நான் எழுதினால்கூட இப்படி ஒரு வசனம் வராது' என்று நினைத்தபடி மருதனார்மடத்துச் சந்தியால் சைக்கிளைத் திருப்பினார்.

செத்தவர் குருநகர் அடைக்கலநாதன். 'கொக்குச்சாமியின் குடை' என்ற குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் கீறியவர். ஒற்றைக் காலில் நின்று குடை பிடிக்கும் அந்தக் கொக்கைப் பார்த்துக் கீறிப் பழகாத பிள்ளை குடாநாட்டில் கிடையாது. புத்தகத்தை எழுதி வெளியிட்டவர் கிறிஸ்துநாயகம், ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. ஏழு தரம் அச்சடித்து, ஏழு தரமும் விற்றவர். அடைக்கலநாதன் செத்து எட்டு வருடம் கழித்து, கப்பலும் வராமல் கடதாசியும் வராமல் இருந்த தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில், அவருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று குழு அமைத்துத் தலைவரானவரும் அவரேதான். கோடு போட்ட கொப்பித்தாள் ஒரு றீம் எங்கேயோ பிடித்து வைத்திருந்தார்.

எழுதுகிற வேலை ஜெபரட்ணத்திடம் வந்தது. அவர் சுன்னாகத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். நாலு மாதம் பள்ளிக்கூடம் ஒன்றில் பதிலாளாகப் படிப்பித்ததில் 'மாஸ்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளம் ஒட்டவில்லை. அதனால் பக்கத் தொழிலாக, உறவுக்கும் தெரிந்தவர்களுக்கும் பங்கிடுகிற முப்பத்தோராம் நாள் நினைவு மலர்களைச் செத்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு மலர் முப்பது ரூபா. இருநூற்றுப் பதின்மூன்று பேரை அப்படி வழியனுப்பியிருந்தார். எல்லாரும் கொடையில் கர்ணன், பொறுமையில் யோபு. எழுதிய அன்றே எழுதியதை மறந்துவிடுவது அவருடைய தொழில் நெறி. மறக்காவிட்டால், அடுத்த கர்ணனை எந்த முகத்தோடு எழுதுவது?

ஆனால் இருநூற்றுப் பதின்மூன்றில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. 'பிரிவால் துயருறும் மக்கள், மருமக்கள்' என்றுதான் அடியில் இருக்கும். இந்தப் புத்தகத்தின் அட்டையில் 'ஆக்கியோன்: ஜெபரட்ணம்' என்று வரும். அதற்காக அவர் சவர்க்காரம் என்ன, தோலையே உரித்துக் கொடுப்பார்.

வீட்டு வாசலில் லூர்த்தம்மா மீன்கூடையை இறக்கி வைத்திருந்தாள். மனைவி நவமணி சூடை மீனின் கண்ணை நோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அலுமாரியிலை இருந்த ரெண்டு சவுக்காரமும் எங்கை? கொழும்பிலை இருந்து தங்கச்சி குடுத்துவிட்டது?"

"இலக்கியத்துக்குப் போச்சு," என்றார் ஜெபரட்ணம். "இதைக் கேளும்." வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார்.

நவமணி யோசித்தாள். "சாகிற மனுசன் 'பெற்றுவிட்டேன்' எண்டோ சொல்லும்? 'வாங்கீட்டன்' எண்டெல்லோ சொல்லும்?"

"கலைஞர்மார் அப்பிடித்தான். உமக்கு விளங்காது."

"ஆர் மாஸ்டர், எங்கடை அடைக்கலநாதனோ?" என்றாள் லூர்த்தம்மா. "அவர் சாகேக்கை நான் பக்கத்திலை நிண்டனான். எங்கடை வீட்டுக்கு அடுத்த வீடு. உப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

"பின்னை?"

"'லூர்த்து, புத்தகக்காரர் படக்காசு நூற்றியிருவது ரூபா தரவேணும். வந்தால் உன்ரை மீன்காசை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என்ரை பெட்டை றோசிட்டைக் குடு' எண்டவர். பேந்து தண்ணி கேட்டவர். பேந்து ஒண்டும் கேக்கேல்லை."

ஜெபரட்ணம் தலையைச் சொறிந்தார். "அந்தக் கொக்கு ஒற்றைக் காலிலை நிக்கிறது பொறுமையின்ரை சின்னம் எண்டு ரீச்சர் சொன்னா."

"பொறுமையோ! 'தந்த முன்காசுக்கு ஒரு கால்தான் கீறலாம். மிச்சத்தைத் தந்தால் மற்றக் காலையும் இறக்குவன்' எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

"இதுக்கு நீ என்ன கேக்கிறாய்?"

"எதுக்கு?"

"இந்தத் தகவலுக்கு."

லூர்த்தம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "செத்த மனுசன்ரை வாய்ச்சொல்லுக்கு விலை வாங்கினால் என்ரை வாய் அழுகிப்போகும். சூடைக்குத் தாங்கோ, போறன்."

அதில்தான் ஜெபரட்ணத்துக்குச் சந்தேகம் வந்தது. சும்மா கிடைக்கிற சாமான் எப்போதாவது நல்ல சாமானாக இருந்திருக்கிறதா? சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைத்தான் சும்மா போடுவார்கள். இரண்டு சவர்க்காரம் கொடுத்து வாங்கிய வசனமும், சூடை மீனோடு கொசுறாக வந்த வசனமும் ஒன்றாகுமா?

ஆனாலும் நேர்மையான மனிதர். அடுத்த நாள் கிறிஸ்துநாயகத்திடம் போய் இரண்டையும் வாசித்துக் காட்டினார்.

முதலாவதைக் கேட்டபோது தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாவதைக் கேட்டபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"நூற்றியிருபது எண்டு தொகையும் சொன்னவளோ?"

"ஓம் ஐயா."

"மீன்காரி சொல்லுறதெல்லாம் வரலாறோ, காணும்? எழுத்திலை இருக்கோ? ஒப்பம் இருக்கோ?"

"இல்லை ஐயா. ஆனால், ரீச்சர் சொன்னதும் தனிச்சாட்சிதானே? ரெண்டும் ஒண்டுக்கொண்டு இடிக்குது."

"இடிக்கக் கூடாது," என்றார் தலைவர். "நாளைக்கு ஆராவது எழுந்து கேள்வி கேட்டால்? ஆதாரம் வேணும், ஜெபரட்ணம், ஆதாரம்! ரீச்சற்றை வசனத்துக்கு மூண்டு பேரின்ரை சாட்சி, ஒப்பத்தோடை. அது இல்லையெண்டால் அட்டையிலை உம்மடை பேர் வராது. 'தொகுத்தது: குழுவினர்' எண்டு போட்டிடுவன்."

"பிறந்த ஊருக்கு? படிச்ச பள்ளிக்கூடத்துக்கு?"

"அதுகளுக்கு உம்மடை மனச்சாட்சி காணும். சம்பள வசனத்துக்கு மட்டும் மூண்டு."

இரண்டாவது சாட்சி வீட்டுக்குக் கிட்டவே கிடைத்தது. சுன்னாகம் சந்தையில் வெங்காய மொத்த வியாபாரி தம்பிராசா. சாக்குகளுக்குக் கீறிய முத்திரை அடைக்கலநாதனின் கைவேலை.

"அவர் சாகேக்கை நீங்கள் பக்கத்திலை இருந்தியளோ, முதலாளி?"

"பக்கத்திலைதான்."

"கட்டிலுக்குப் பக்கத்திலையோ?"

"தெருவுக்குப் பக்கத்திலை. உமக்கு எவ்வளவு பக்கம் வேணும்? அதுக்கேத்த விலை சொல்லுறன்."

"கட்டில்."

"கட்டிலெண்டால் மண்ணெண்ணெய் ஒரு போத்தல்."

"அரைப் போத்தல் தாறன்."

"அரைப் போத்தலுக்கு வாசல்படியிலை நிண்டனான். வாசல்படியிலை காது சரியாக் கேக்காது."

வீட்டில் மண்ணெண்ணெய் ஒரு போத்தல்தான் இருந்தது. ஜாம் போத்தல் விளக்கில் திரியை ஊசிமுனை அளவுக்கு இறக்கி, இரண்டு கிழமைக்கு இழுக்கலாம் என்று நவமணி கணக்குப் பார்த்து வைத்திருந்த போத்தல். அவள் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து ஜெபரட்ணம் அதைத் துவாயில் சுற்றி எடுத்து வந்தார்.

தம்பிராசா போத்தலை வெயிலில் தூக்கிப் பார்த்து, தண்ணீர் கலக்கவில்லை என்று கண்ட பிறகு, கடையின் உள்ளறைக்குப் போனார். மேசை லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது. வந்து சொன்னார்.

"பிள்ளைகளின் சிரிப்பே என் சம்பளம்... அதை நான் முன்பணமாகவே பெற்றுவிட்டேன்."

ஜெபரட்ணம் துள்ளிவிட்டார். ஒரு சொல் மாறவில்லை! ரீச்சர் மருதனார்மடம், முதலாளி சுன்னாகம். இரண்டு பேருக்கும் முகப்பழக்கம்கூடக் கிடையாது.

"ஒப்பம் வையுங்கோ, முதலாளி!"

"ஒப்பத்துக்கு வேறை," என்று தொடங்கிய தம்பிராசா, ஜெபரட்ணத்தின் முகத்தைப் பார்த்து இரங்கி, ஒப்பத்தைக் கொசுறாகப் போட்டார்.

அன்று பின்னேரம் நவமணி வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மண்ணெண்ணெயும் இலக்கியத்துக்குப் போச்சோ?"

"ஆதாரத்துக்கு."

"நல்லது. பொழுதுபட்டால் ஆதாரத்தைக் கொளுத்தி வையுங்கோ, சமைக்கிறன்."

ரீச்சரிடமும் ஒப்பம் வாங்கி, தலைவரிடம் இரண்டு தாளையும் கொண்டுபோனால் முடிந்துவிடும் என்று ஜெபரட்ணத்துக்கு ஒரு நப்பாசை. தலைவர் இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே, போதாதென்று தலையை ஆட்டினார்.

"ரீச்சர் எங்கடை புரட்டஸ்தாந்துச் சபை. தம்பிராசா சைவம். செத்தவர் கத்தோலிக்கர். கத்தோலிக்கச் சாட்சி இல்லாமல் விட்டால் குருநகர் ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"லூர்த்தம்மா கத்தோலிக்கம்தானே, ஐயா."

"அவளின்ரை பேரை எடுக்காதையும்! கோயில் மூப்பர் நீக்கிலாப்பிள்ளை இருக்கிறார். அவர் சொன்னால் பாப்பரசர் சொன்ன மாதிரி."

மூப்பர் இருந்தார். ஆனால் குருநகரில் இல்லை. ஷெல்லடிக்குப் பயந்து இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் மருமகன் வீட்டில் இருந்தார். ஜெபரட்ணம் விடியப் புறப்பட்டு, இரண்டு தரம் சங்கிலி கழன்று, ஒரு தரம் ஹெலிகொப்டர் சத்தத்துக்கு வாய்க்காலில் குப்புறப் படுத்து, சேறும் சட்டையுமாகப் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

மூப்பர் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்து, அதைப் பார்த்துச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பின் ரியூப் வெடிச்சுப்போச்சு, தம்பி. ஒட்டின இடத்திலை ஒட்டி, ஒட்டினதுக்கு மேலை ஒட்டி, இப்ப ஒட்டுத்தான் மிச்சம், ரியூப் இல்லை. அடைக்கலநாதனோ? அருமையான மனுசன். என்ரை மடியிலைதான் சீவன் போனது."

"கடைசியா என்ன சொன்னவர், ஐயா?"

மூப்பரின் பார்வை ஜெபரட்ணத்தின் சைக்கிளுக்குப் போய், பின்சில்லில் நிலைத்தது.

"கவலைக்குள்ளை ஞாபகம் வருகுதில்லை," என்றார்.

அரை மணித்தியாலத்தில் கவலை தீர்ந்தது. ஜெபரட்ணத்தின் ரியூப் மூப்பரின் சில்லுக்குள் போனது. மூப்பர் காற்றடித்து, அமுக்கிப் பார்த்து, கையைக் கழுவி, செபப்புத்தகத்தை எடுத்து, நடுப்பக்கத்தைத் திறந்து பக்தியோடு குனிந்தார். செபிக்காமல் ஒரு வார்த்தை பேசாத மனிதர் என்று ஜெபரட்ணம் மனம் உருகினார்.

"பிள்ளைகளின் சிரிப்பே என் சம்பளம்," என்றார் மூப்பர், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே. "அதை நான் முன்பணமாகவே பெற்றுவிட்டேன்."

ஜெபரட்ணம் அழுதுவிட்டார்.

"ஐயா, உங்கடை மடியிலை சீவன் போகேக்கை லூர்த்தம்மா எண்டு ஒருத்தியும் அங்கை நிண்டவளோ?"

"அவள்தான் தண்ணி குடுத்தவள்," என்று மூப்பர் வாயை விட்டுவிட்டு, உடனே சில்லைச் சுற்றி விட்டார். "நல்ல ரியூப், தம்பி. ஜப்பானோ?"

பின்சில்லுக்குள் தென்னந்தும்பை அடைத்துக்கொண்டு திரும்பினார் ஜெபரட்ணம். சாவகச்சேரி வரைக்கும் ஓட்டம். அதற்குப் பிறகு தும்பு வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கியது. கைதடிக்குக் கிட்ட முழுதாகக் கழன்றது. மிச்சத் தூரம் சைக்கிள் அவரில் ஏறி வராத குறை. ஆனால் மனம் மட்டும் காற்றடித்த ரியூப்பாக இருந்தது.

"நாலு சுவிசேசமும் ஒண்டுக்கொண்டு வித்தியாசம், நவமணி! மத்தேயு ஒண்டு சொல்லுவார், லூக்கா ஒண்டு சொல்லுவார். இஞ்சை மூண்டு ஊர், மூண்டு சமயம், ஒரு எழுத்துக்கூட மாறேல்லை! இதைவிட வேறை என்ன ஆதாரம் வேணும்?"

நவமணி அவருடைய கால்கொப்புளங்களுக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"மூண்டு பேரும் ஒரே இடத்திலை படிச்சு ஒப்பிச்ச மாதிரிக் கிடக்கு," என்றாள்.

"பொறாமை."

"ஓம், பொறாமைதான். அந்த மூப்பற்றை சைக்கிளிலை எனக்குப் பொறாமை."

பிறகு கையைத் துடைத்துவிட்டு, பென்சிலை எடுத்தாள். வேறு வெள்ளைத்தாள் வீட்டில் ஏது? அவருடைய கையெழுத்துப் பிரதியின் கடைசித் தாளைத் திருப்பி, முதுகில் எதையோ வரிசையாக எழுதினாள்.

"என்ன எழுதுறீர்?"

"புத்தகம் வந்தால் கழிக்க வேண்டியது."

தலைவர் மூன்று ஒப்பத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடித்து மட்டம் பார்த்தார். எட்டு வருடமாக நிமிராத ஏதோ ஒன்று அவருடைய முதுகில் நிமிர்ந்தது போல இருந்தது.

"ஜேர்மனியிலை இருக்கிற அவற்றை மகள் றோசுக்கு முதல் பிரதி அனுப்பவேணும்," என்றார். "கடிதத்துக்கு மேலை கடிதம் எழுதுறாள், பிள்ளை. தகப்பன்ரை பெருந்தன்மையை அவளும் அறியட்டும். போம், ஜெபரட்ணம். உம்மடை பேரைப் பெரிய எழுத்திலை போடச் சொல்லும்."

அச்சகத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடம். கால்மிதி யந்திரம் ஒன்று. அதை மிதிக்கவும் எழுத்துக் கோக்கவும் யாகப்பு ஒருவர். முப்பது வருடமாக ஈயத்தைத் தொட்டுத் தொட்டு, சோற்றையும் எழுத்துக் கோக்கிற மாதிரிப் பருக்கை பருக்கையாகப் பொறுக்கித்தான் சாப்பிடுவார்.

முதலில் அட்டைக்குக் கோத்ததை மை தடவி ஒற்றிக் காட்டினார். கொப்பித்தாளின் நீலக் கோடுகளுக்கு மேல் கறுப்பாக இருந்தது: ஆக்கியோன்: ஜெபரட்ணம்.

பிழை திருத்துகிறவர் பிழை பார்க்க மறந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நவமணிக்கு இரண்டு சவர்க்காரம் அல்ல, இருபது வாங்கிக் கொடுக்கலாம் போல இருந்தது.

"மற்றப் பக்கமெல்லாம் முடிஞ்சுது, மாஸ்டர். கடைசிப் பக்கம்தான் கிடக்கு."

"அதிலைதான் உயிர் இருக்கு, யாகப்பு. அந்தச் சம்பள வசனம். அதைத் தனியா, பெரிய எழுத்திலை, சுத்திவரப் பூக்கட்டம் போட்டுக் கோக்கவேணும். பத்து நாள் அலைஞ்சு, மூண்டு பேரிட்டை வாங்கினது."

யாகப்பு தாளைக் கையில் வாங்கி வசனத்தை வாசித்தார். வாசித்துவிட்டு எழுத்துப் பெட்டிப் பக்கம் போகவில்லை. யந்திரத்துக்குப் பின்னாலிருந்த தட்டுக்குப் போனார். நூலால் இறுக்கிக் கட்டிய ஓர் ஈயக்கட்டை எடுத்து, தூசியை ஊதிக்கொண்டு வந்தார்.

"இதென்ன?"

"நீங்கள் கேட்டது. பெரிய எழுத்து, சுத்திவரப் பூக்கட்டம். எண்பத்துநாலிலை கோத்தது. நல்ல வசனம் எண்டு கலைக்க மனம் வரேல்லை."

ஈயத்தில் எழுத்து இடம்வலம் மாறித்தான் இருக்கும். முப்பது வருடம் அச்சகத்தில் இருந்தவருக்கு அதை வாசிக்கக் கண்ணாடி தேவையில்லை. ஜெபரட்ணம் வலமிருந்து இடமாக வாசித்தார். பிள்ளைகளின் சிரிப்பே என் சம்பளம். முற்றுப்புள்ளிகூட இருந்தது.

"எண்பத்துநாலிலை இதை... ஆர்..."

யாகப்பு காதில் விழாதவர் போலத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். நவமணியின் பென்சில் எழுத்தைச் சத்தமாக வாசித்தார்.

"'பியாட்றிஸ் ரீச்சர், சவர்க்காரம் இரண்டு. தம்பிராசா, மண்ணெண்ணெய் ஒரு போத்தல். நீக்கிலாப்பிள்ளை, சைக்கிள் ரியூப் ஒன்று.' ஆதாரப் பட்டியலோ, மாஸ்டர்? ஒராள் குறையுதே. நாலாவதா நான் சேர்த்துக் கோக்கிறன்: அடைக்கலநாதனின்ரை முப்பத்தோராம் நாள் மலருக்கு, 'கடன்கிடன் ஒண்டும் இல்லாத மாதிரிக் கடைசி வார்த்தை ஒண்டு வேணும்' எண்டு கிறிஸ்துநாயகம் ஐயா கேட்க, உந்தக் கதிரையிலை இருந்து எழுதிக் குடுத்த ஜெபரட்ணம், முப்பது ரூபா. ஐயா அதை இன்னும் தரேல்லை."